தமிழில் எழுதும் டேனரி செய்முறை மொழியை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுவது: எங்கே இடிக்கிறது?

பாலாற்று மணல் (கேள்வி)

வணக்கம். மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கத்து டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) தோலைப் போட்டுச் சுற்றும் டிரம்முக்கு ஒரு செய்முறைத் தாள் இருக்கும். எந்த கெமிக்கல், எடையில் எத்தனை சதவீதம், டிரம் எவ்வளவு நேரம் ஓடணும், பிஎச் எங்கே நிக்கணும் என்று டெக்னீஷியன் எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளையே ஒரு சின்ன நிரல்மொழியாக ஆக்கப் பார்க்கிறேன். அவர் தமிழில் எழுதுவது ஜாவாஸ்கிரிப்டாக மாறணும். டிரம் பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசரின் ஃபோன் பிரௌசரில் கிலோக் கணக்கும் அடுத்து செய்ய வேண்டிய வேலையும் வரிசையாகத் தெரியணும்.

எழுத நினைப்பது இப்படி (பிக்கிள் என்பது குரோம் போடும் முன் தோலை உப்பிலும் அமிலத்திலும் ஓட்டும் கட்டம்):

    செய்முறை பிக்கிள்
      எடை 1200 கிலோ
      நீர் 80% சேர்
      உப்பு 8% சேர்
      10 நிமிடம் சுற்று
      கந்தக_அமிலம் 1.2% 1:10 கரைத்து 3 தவணை 15 நிமிட இடைவெளி சேர்
      90 நிமிடம் சுற்று
      பிஎச் > 3.0 எனில்
        கந்தக_அமிலம் 0.2% 1:10 கரைத்து சேர்
        30 நிமிடம் சுற்று
      முடிவு
    முடிவு

இப்போது ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) வைத்து ஒவ்வொரு சொல்லையும் தேடி, அந்த இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் துண்டைப் போடுகிறேன். சிக்கல்கள்:

"சேர்" என்பதை மாற்றப் போனால் "சேர்மானம்" என்ற பெயரும் உடைகிறது. சொல் எல்லைக் குறி (பின்சாய்வும் பி-யும்) போட்டால் எதுவுமே பொருந்துவதில்லை.

1.1 கிலோ வீதம் மூன்று தவணை போட்டால் மொத்தம் 3.3000000000000003 என்று திரையில் வருகிறது.

செய்முறை 12 வரிதான். ஆனால் பிரௌசர் 48-ஆவது வரியில் ஏதோ எதிர்பாராத குறி என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. டெக்னீஷியனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

"90 நிமிடம் சுற்று" என்பதை டைமராக மாற்றினேன். ஃபோன் திரை அணைந்தால் டைமரும் நின்றுவிடுகிறது.

ரெகுலர் எக்ஸ்பிரஷனையே சீராக்கினால் போதுமா, முழு பார்சர் (வரியின் அமைப்பைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் நிரல்) எழுதியே ஆகணுமா? பைத்தானுக்கு மாற்றினால் சுலபமா? சோர்ஸ் மேப் (வெளிவரும் நிரலின் வரியை மூல வரியோடு இணைக்கும் கோப்பு) தேவையா?

---

கோட்டை அகழி

பார்சர் எழுதியே ஆகணும். பயப்பட வேண்டாம், இந்த அளவு மொழிக்கு நாலைந்து நூறு வரிக்குள் முடியும். ஆனால் பார்சர் எழுத முக்கியக் காரணம் "சேர்மானம்" உடைவது இல்லை. சொல்லுக்குச் சொல் மாற்றும்போது உங்க மொழிக்கென்று ஒரு அர்த்தமும் இருக்காது. உப்பு என்றால் என்ன, சதவீதம் எந்த எடைக்கு என்று உங்க கருவிக்கு எதுவும் தெரியாது. அதனால் எல்லாத் தப்பும் ஜாவாஸ்கிரிப்ட் வரைக்கும் போய் அங்கே வெடிக்கும்.

இதற்குப் பழைய முன்மாதிரி இருக்கு. சீ பிளஸ் பிளஸ் தொடக்கத்தில் சீஃப்ரண்ட் என்ற மாற்றி நிரல் வழியாக சீ மொழியாகத்தான் மாறியது. 1983-இலிருந்து அது அப்படித்தான் ஓடியது. அது சொல் மாற்றும் கருவி இல்லை. முழுசாகப் பார்ஸ் செய்து, டைப் எல்லாம் சரிபார்த்த பிறகே சீ நிரலை எழுதியது. பின்னால் வரும் சீ கம்பைலர் ஒரு பிழை காட்டினால் அது சீஃப்ரண்டின் குறைதான், நிரல் எழுதியவர் குறை இல்லை. அதே விதியை நீங்களும் சுவரில் எழுதி ஒட்டுங்க. உங்க கருவி "சரி" என்று விட்ட செய்முறைக்கு பிரௌசர் இலக்கணப் பிழை சொன்னால், திருத்த வேண்டியது உங்க கருவியை.

வேலை நாலு கட்டம்: லெக்சர் (எழுத்தை டோக்கன்களாக, அதாவது தனிச் சொல் துண்டுகளாக, ஆக்கும்), பார்சர் (டோக்கனை மரமாக்கும்), சரிபார்ப்பு (மரத்தில் நடந்து அர்த்தப் பிழை தேடும்), எழுதி (மரத்திலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் எடுக்கும்). ஒவ்வொரு டோக்கனிலும் வரி எண்ணைப் பதிஞ்சு வையுங்க. மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் அதைக் கொண்டு போங்க. பிறகு சேர்த்துக்கலாம் என்று விட்டால் பாதி நிரலைத் திரும்ப எழுத வேண்டி வரும்.

நீங்க வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தது நல்ல முடிவு. "சேர் உப்பு 8%" என்று யாரும் பேச மாட்டாங்க. வழக்கமான பார்சர்கள் முதல் சொல்லைப் பார்த்து முடிவெடுக்கும். உங்களுக்கு அது சரிவராது. ஆனால் ஒரு வரிக்கு ஒரு கட்டளை என்பதால் ஒரு சின்ன மாற்றம் போதும். வரியின் டோக்கன்களை எல்லாம் ஒரு பட்டியலாக வாங்குங்க, கடைசி டோக்கனைப் பாருங்க. "சேர்" என்றால் சேர்க்கும் வேலை, "சுற்று" என்றால் ஓட்டும் வேலை, "எனில்" என்றால் நிபந்தனை. பிறகு முன்னால் இருப்பதைப் பிரிக்கலாம். அதிலும் தமிழ் உதவும். எண்ணுக்குப் பின்னால் வரும் அலகுச் சொல்லே அந்த எண்ணின் வேலையைச் சொல்லிவிடும்: "3 தவணை", "15 நிமிட இடைவெளி". அதனால் இவை எந்த வரிசையில் வந்தாலும் ஏத்துக்கலாம். ஒரே அலகு இரண்டு தடவை வந்தால் மட்டும் பிழை.

வேற்றுமை உருபு பக்கம் போகாதீங்க. "உப்பை", "அமிலத்தை" என்று வந்தால் வேர்ச்சொல்லைப் பிரிக்க ஆசை வரும். உப்பு "உப்பை" ஆகும்போது உகரம் போகுது. அமிலம் "அமிலத்தை" ஆகும்போது "அத்து" வந்து நுழையுது. அதையெல்லாம் லெக்சரில் ஏத்தினால் மொழி பெருத்துவிடும். அஃறிணைப் பொருளுக்கு ஐ உருபு இல்லாமலே "உப்பு சேர்", "தண்ணி ஊத்து" என்று சொல்வதுதானே நம் பேச்சு? அந்த வடிவத்தையே விதியாக வையுங்க. சந்தி எழுத்துக்கு மட்டும் இடம் கொடுங்க. "கரைத்து சேர்" என்று ஒருவர் எழுதுவார், "கரைத்துச் சேர்" என்று இன்னொருவர் எழுதுவார். சொல் அட்டவணையில் இரண்டையும் ஒரே டோக்கனுக்குக் காட்டினால் வேலை முடிந்தது.

"முடிவு" என்ற சொல்லை விட்டுவிட்டு பைத்தான் மாதிரி வரி உள்தள்ளலை நம்ப வேண்டாம். செய்முறை ஃபோனிலிருந்து ஃபோனுக்கு ஒட்டப்படும்போது முன் இடைவெளி நிலைக்காது. ஆனால் ஒரு "முடிவு" விட்டுப்போனால் பிழை கோப்பின் கடைசி வரியில்தான் தெரியும். அதனால் திறந்த தொகுதிகளை அவற்றின் வரி எண்ணோடு ஒரு அடுக்கில் வைத்து, "8-ஆம் வரியில் தொடங்கிய எனில் மூடப்படவில்லை" என்று சொல்லுங்க.

பைத்தானா ஜாவாஸ்கிரிப்டா என்றால், ஓடப்போவது ஃபோன் பிரௌசரில். அதனால் ஜாவாஸ்கிரிப்டே.

---

எழுத்தெண்ணி

லெக்சரில் தமிழ் எழுத்துக்காகக் கவனிக்க வேண்டியவை தனியாக உண்டு. உங்கள் முதல் சிக்கலுக்குக் காரணமும் அதுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் சொல் எல்லைக் குறியும் சொல்லெழுத்துக் குறியும் (பின்சாய்வும் டபிள்யூ-வும்) ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றுக்கு மட்டுமே. யூனிகோட் கொடியைப் போட்டாலும் தமிழ் அதற்குள் வராது. இடைவெளியும் "சே"-யும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டுமே சொல்லெழுத்து இல்லை. எனவே நடுவில் எல்லையும் இல்லை. பைத்தானில் வேறு மாதிரி இடறும். அங்கே சொல்லெழுத்துக் குறி தமிழ் எழுத்துகளை ஏற்கும், ஆனால் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் ஏற்காது. "தோல்" என்ற சொல் த, ல என்று இரண்டாக உடையும். இரண்டு மொழியிலும் சரியான வழி ஒன்றே: யூனிகோட் பண்புப்படி எழுத்து வகையையும் குறி வகையையும் சேர்த்து, அவை தொடரும் வரை ஒரே சொல்லாக எடுப்பது. முழுச் சொல்லை எடுத்த பிறகு அட்டவணையில் தேடுங்கள். "சேர்மானம்" முழுதாக வரும், அட்டவணையில் இல்லை, எனவே அது பெயர்.

அடுத்தது இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு குறியெண் (யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்) வடிவங்களை ஒன்றாக்குவது. "தோல்" என்பதில் நாலு குறியெண்களும் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். ஓகாரக் குறி ஒற்றைக் குறியாக 3019 என்றும் வரும்; ஏகாரக் குறி 3015, கால் 3006 என்று இரண்டாகப் பிரிந்தும் வரும். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பைத்தான் தன் பெயர்களை என்.எஃப்.கே.சி. என்ற யூனிகோட் இயல்பு வடிவத்துக்குத் தானே மாற்றிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் மாற்றாது, அதற்கு அவை இரண்டு வேறு மாறிகள். ஒரு விசைப்பலகையில் அறிவித்த பெயரை இன்னொன்றில் தட்டினால் "அறிவிக்கப்படவில்லை" என்று வரும். இரண்டு வரியையும் எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் காரணம் பிடிபடாது. கோப்பை வாசித்ததும், லெக்சர் தொடங்கும் முன்பே, என்.எஃப்.சி. என்ற இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இயல்பாக்கத்தாலும் தீராத மூன்று:

கௌ என்பதைச் சிலர் க, ஒற்றைக் கொம்பு, ள என்று மூன்றாகத் தட்டுவார்கள்: கெள. யூனிகோடுக்கு அது வேறு சொல். இதைத் தானாகத் திருத்தவும் கூடாது, "வெள்ளை" கெட்டுவிடும். பெயர் கிடைக்காதபோது மட்டும் இந்த மாற்றை முயன்று, "இதையா சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம்.

ஸ்ரீ என்பதை ஸ (3000) கொண்டும் ஶ (2998) கொண்டும் எழுத முடியும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்.

தமிழ் எண்கள் 3046 முதல் 3055 வரை. ௧ எண்ணும் க எழுத்தும், ௨ எண்ணும் உ எழுத்தும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் எண் மாற்றி தமிழ் எண்களை வாசிக்காது. லெக்சரிலேயே 0-9 ஆக மாற்றுங்கள், அல்லது அந்த வரியிலேயே மறுத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத குறிகளும் உண்டு. க்ஷ கூட்டெழுத்தைப் பிரிக்க இடும் இணைப்பிலிக் குறி (8204) ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களுக்குள் செல்லுபடியாகும். அதாவது பிழையே வராது, பெயர் மட்டும் வேறாகிவிடும். பெயர்களில் இருந்து 8203, 8204, 8205 மூன்றையும் நீக்கிவிடுங்கள். உடையா இடைவெளி (160) சாதாரண இடைவெளியாகட்டும்.

பிழைச் செய்தி பற்றி ஒன்று. ஆங்கிலக் கம்பைலர்கள் தப்பான இடத்தின் கீழே ஒரு கூரைக் குறி போட்டுக் காட்டும். தமிழில் அது நேராக நிற்காது. "ணௌ" எடுக்கும் அகலமும் "ர" எடுக்கும் அகலமும் ஒன்றல்ல. குறியெண் எண்ணிக்கையும் கண் பார்க்கும் எழுத்து எண்ணிக்கையும் வேறு. வரி எண்ணைச் சொல்லி, தப்பான சொல்லையே மேற்கோளில் காட்டுங்கள். அது போதும்.

தமிழ் பெயர்களால் ஒரு நன்மையும் கிடைக்கிறது. பயனர் பெயர்கள் தமிழ் எழுத்தில்தான் இருக்கலாம் என்று விதித்தால், ஜாவாஸ்கிரிப்டின் ஒதுக்கிய சொற்களோடு அவை மோதவே முடியாது. நீங்கள் உள்ளே உருவாக்கும் தற்காலிகப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். அவையும் பயனர் பெயரோடு மோதாது. ஆங்கிலப் பெயர்களையும் அனுமதித்தால் இந்த வசதி போய்விடும். யாராவது ஒரு மாறிக்கு கிளாஸ், நியூ, இன் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் வெளிவரும் நிரல் உடையும்.

---

டிரம் நம்பர் 4

கம்ப்யூட்டர் பக்கம் மேலே இருக்கறவங்க சொல்லட்டும். செய்முறைப் பக்கம் நான் சொல்றேன்.

மொதல்ல "எடை 1200 கிலோ"ன்னு ஒத்த எடை போட்டிருக்கீங்க. அது ஆகாது. ஊறவைக்கிறப்போ சதவீதம் உப்புத்தோல் எடைக்கு. சுண்ணாம்பு முடிஞ்சு ஃப்ளெஷிங் (சதை சீவறது) ஆன பிறகு, டீலைமிங்லேர்ந்து (சுண்ணாம்பை எடுக்கறது) குரோம் வரைக்கும் பெல்ட் எடைக்கு, அதாவது முடியும் சதையும் போன தோல் எடைக்கு. வெட் ப்ளூ (குரோம் ஏறின ஈரத் தோல்) ஒரே தடிப்பா சீவற ஷேவிங் ஆன பிறகு, ரீடேனிங் (மறுபடி பதனிடறது), சாயம் எல்லாம் ஷேவிங் எடைக்கு. உதாரணத்துக்கு ஒரு லாட் (ஒண்ணா ஓடற தோல் தொகுதி) பெல்ட் எடை 1200 கிலோ, ஷேவிங் எடை 480 கிலோன்னு வைங்க. 2% சாயம்னா 9.6 கிலோ போடணும். பெல்ட் எடையிலயே கணக்கு ஓடிச்சுன்னா 24 கிலோ போயிரும். எண்ணுல தப்பு இருக்காது, தோல்லதான் தெரியும். அதனால சதவீதம்னு சொன்னா எதோட சதவீதம்னு உங்க மொழிக்குத் தெரியணும்.

ரெண்டாவது, பிக்கிள்ல உப்பு போடாம ஆசிட் போடக்கூடாது. போட்டா தோல் உப்பிப் போயிரும், கிரெய்ன் (தோலோட மேல்பரப்பு) கெட்டுரும், திரும்ப சரி பண்ண முடியாது. உப்பு கரைஞ்சு டிரம் தண்ணி போமே (உப்புத் தண்ணியோட அடர்த்தி அளவு) 6-க்குக் கொறையாம இருக்குதான்னு பாத்துட்டுத்தான் ஆசிட். உங்க செய்முறையில 5-ஆவது வரிக்குப் பிறகு அந்த சோதனையே இல்ல.

மூணாவது, 1:10 கரைச்சல். 1200 கிலோவுக்கு 1.2% ஆசிட் 14.4 கிலோ, அதுக்கு தண்ணி 144 லிட்டர். திரையில "14.4 கிலோ ஆசிட், 144 லிட்டர் தண்ணி"ன்னு எழுதினா எதை எதுல ஊத்துறதுன்னு புதுப் பையனுக்குத் தெரியாது. தண்ணியில ஆசிட்டைத்தான் கொஞ்சம் கொஞ்சமா விடணும், ஆசிட்ல தண்ணி விடவே கூடாது, தெறிச்சிரும். ஆறின பிறகுதான் டிரம்முக்குப் போவணும். அந்த வரிசையிலயே திரையில வரட்டும். அந்த 144 லிட்டரும் டிரம்முக்குள்ளதான் போவுது. 80% தண்ணி அப்போ 92% ஆயிரும். மொத்தத் தண்ணியைக் கூட்டிக் காட்டுங்க. இந்த ஊர்ல தண்ணிக் கணக்கு சும்மா இல்ல, பாலாத்துக் கழிவு வழக்குல 1996-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்திருக்கு.

நாலாவது, பிஎச் மீட்டர் காட்டுறது டிரம் தண்ணியோட பிஎச். தோல் நடுவுல ஆசிட் போயிருக்கான்னு தடிப்பான இடத்துல வெட்டி, புரோமோகிரிசால் கிரீன் (ஆசிட்டை நிறத்துல காட்டுற சாயம்) விட்டுத்தான் பாக்கணும். வெட்டு முழுக்க மஞ்சளா இருக்கணும், நடுவுல நீலமோ பச்சையோ கோடு நின்னா இன்னும் ஓட்டணும். அதனால எண் கேக்கற சோதனை மட்டும் பத்தாது, ஆமா இல்லன்னு கேக்கற சோதனையும் வேணும்.

கடைசியா, "கந்தக அமிலம்"னு டிரம் பக்கம் ஒருத்தரும் சொல்றதில்ல. சல்பூரிக், இல்லன்னா ஆசிட். "நீர்" இல்ல, தண்ணி. "சுற்று" இல்ல, ஓட்டு. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியில வீட்ல உருது பேசறவங்க நெறைய பேர். சொல்லைப் பின்னாடி மாத்தற மாதிரி வைங்க.

---

பாலாற்று மணல்

மூவருக்கும் நன்றி. எடை வகைகளை உடனே சேர்க்கிறேன். உப்புக்கு முன் ஆசிட் கூடாது என்பதை மொழிக்குள் எப்படிச் சொல்வது? வரி வரிசையைப் பார்த்தால் போதுமா? மீதி இருப்பது டைமரும், தசமக் கணக்கும், சோர்ஸ் மேப்பும்.

---

கோட்டை அகழி

வரி வரிசை போதாது. உப்பு ஒரு "எனில்" உள்ளே இருந்தால் வரிப்படி முன்னால் இருக்கும், ஆனால் நிபந்தனை பொய்த்தால் சேராமலே போகும். சரிபார்ப்புக் கட்டத்தில் மரத்தில் நடக்கும்போது "இதுவரை உறுதியாகச் சேர்ந்த பொருட்கள்" என்று ஒரு கணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. "சேர்" வந்தால் பொருளைக் கணத்தில் போடுங்க. "எனில்" வந்தால் கணத்தை நகல் எடுத்து உள்ளே போங்க. வெளியே வரும்போது இரண்டு வழியிலும் இருப்பது மட்டும் மிஞ்சணும், அதாவது வெட்டுக்கணம். "இல்லையெனில்" இல்லாவிட்டால் மறுவழி என்பது உள்ளே போகுமுன் இருந்த கணமே. ஆசிட் வரும்போது கணத்தில் உப்பு இல்லை என்றால் பிழை. இருபது வரி நிரல்தான்.

எந்தப் பொருளுக்கு எது முன்னால் வரணும் என்பதை நிரலில் எழுதாமல் பொருள் அட்டவணையில் எழுதுங்க. அதே அட்டவணையில் மாற்றுப் பெயர்களும் இருக்கட்டும்: சல்பூரிக், ஆசிட், கந்தக_அமிலம் மூன்றும் ஒரே பொருள். நாளைக்கு உருதுச் சொல் வேண்டும் என்றால் ஒரு பத்தி கூடும், பார்சரைத் தொட வேண்டியதில்லை.

எடைக்கும் இதே வழி. பெல்ட் எடை, ஷேவிங் எடை, உப்புத்தோல் எடை மூன்றையும் மூன்று டைப்பாக வையுங்க. ஒவ்வொரு செய்முறையும் தலைப்பிலேயே "பெல்ட்_எடை 1200 கிலோ" என்று அறிவிக்கட்டும். சாயம் என்ற பொருளுக்கு அட்டவணையில் "ஷேவிங்" என்றிருக்க, செய்முறை பெல்ட் எடையில் இருந்தால் கம்பைல் ஆகக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டுக்குப் போன பிறகு எல்லாமே வெறும் எண்தான், அங்கே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது.

---

காட்பாடி ஜங்ஷன்

டைமர், எண்கள், வரி எண் மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எண்கள்: ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் இரும மிதவைப் புள்ளி, 1.1 அதில் துல்லியமாக உட்காராது. திரையில் காட்டும்போது சுருக்கினால் மறையுமே தவிர தீராது. எல்லா எடையையும் கிராமில் முழு எண்ணாக வையுங்கள். சதவீதத்தை 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக்குங்கள்: 1.25% என்றால் 125. 1130 கிலோ என்பது 11,30,000 கிராம். அதை 125-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 14,125 கிராம். இதை மூன்று தவணையாகப் பிரித்தால் 4708.33 வரும். கீழே இறக்கி 4708, 4708 என்று கொடுத்து, மீதியைக் கடைசித் தவணையில் போடுங்கள்: 4709. கூட்டினால் மொத்தம் சரியாக வரணும். "1.25" என்ற எழுத்தை எண்ணாக மாற்றி 100-ஆல் பெருக்காதீர்கள், அங்கேயே மிதவை நுழைந்துவிடும். புள்ளிக்கு முன், புள்ளிக்குப் பின் என்று இலக்கங்களாகவே லெக்சரில் சேருங்கள்.

ஒப்பீடு: யாராவது "2.8 <= பிஎச் <= 3.0 எனில்" என்று எழுதுவார்கள். அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டில் இறக்கினால் எப்போதும் உண்மைதான். பிஎச் 4.2 என்று வைத்துப் பாருங்கள். முதல் பாதி உண்மை, உண்மை 1 ஆகும், 1 என்பது 3.0-ஐ விடச் சிறிது, ஆக சோதனை தேறிவிடும். பிழைச் செய்தியும் வராது. பைத்தானில் இதே எழுத்து சரியாக வேலை செய்யும், அதனால் அங்கிருந்து வருபவர்கள் நிச்சயம் எழுதுவார்கள். இதை மரத்தில் தனி வகையாக வைத்து, இரண்டு ஒப்பீடாகப் பிரித்து எழுதணும். பிரிக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. பிஎச் என்பது சூப்பர்வைசரிடம் எண் கேட்கும் செயல். இரண்டு ஒப்பீட்டிலும் அதை எழுதினால் இரண்டு தடவை கேட்கும். ஒரு தற்காலிக மாறியில் வாங்கி, அதைத்தான் இரண்டு இடத்திலும் ஒப்பிடணும்.

எழுதும் கட்டத்தின் சில்லறை விதிகள்: ஒவ்வொரு கூட்டுக் கோவையையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அழகு பார்க்க வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அரைப்புள்ளி போடுங்கள். ரிட்டர்ன் என்ற சொல்லுக்குப் பின் வரி உடைக்காதீர்கள், உடைத்தால் மதிப்பு திரும்பாது. லாட் பெயரில் யாராவது மேற்கோள் குறி போடுவார்கள். சரங்களை எப்போதும் ஜேசன் மாற்றி (மேற்கோள் குறியைப் பத்திரமாக்கி எழுதும் ஃபங்ஷன்) வழியாகவே வெளியே எழுதுங்கள்.

டைமர்: இங்கே "சுற்று" என்பதைக் காத்திருக்கும் நிரலாக மாற்றுவதே தப்பு. பின்னணிக்குப் போன பக்கத்தின் டைமர்களை பிரௌசர் மந்தப்படுத்தும், ஃபோன் மொத்தமாக உறங்க வைக்கும், சில நேரம் பக்கத்தையே மூடிவிடும். காத்திருக்க வேண்டாம். தொடங்கிய கடிகார நேரத்தை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரௌசரின் சேமிப்பிடம்) எழுதிவிட்டு, திரை திரும்பி வரும்போது "இப்போது" என்பதிலிருந்து அதைக் கழித்தால் மீதி நிமிடம் கிடைத்துவிடும்.

நடுவில் பக்கம் மூடினால் எந்த அடியில் நின்றோம் என்பதற்கு இரண்டு வழி. செய்முறையை ஜெனரேட்டர் ஃபங்ஷனாக (நடுவில் நின்று, விடை வந்ததும் தொடரும் ஃபங்ஷன்) எழுதினால் ஒவ்வொரு "சேர்", "சுற்று", "சோதி"யும் ஒரு யீல்டு, அதாவது நிற்கும் இடம். எழுதும் கட்டம் மிகச் சுலபம், "எனில்" அப்படியே ஜாவாஸ்கிரிப்டின் நிபந்தனையாகிவிடும். ஆனால் ஜெனரேட்டரின் நடுநிலையைச் சேமிக்க முடியாது. எனவே நடந்த ஒவ்வொரு அடியையும் அதற்குக் கிடைத்த விடையையும் (பிஎச் 3.2, வெட்டு மஞ்சள்: இல்லை) பதிவேட்டில் எழுதுங்கள். பக்கம் திறந்ததும் ஜெனரேட்டரை முதலிலிருந்து ஓட்டி, பழைய விடைகளையே ஊட்டி, நின்ற இடத்துக்குக் கொண்டுவரலாம். ஒரே நிபந்தனை: செய்முறைக்குள் நேரம் பார்ப்பது, சீரற்ற எண் எடுப்பது எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் யீல்டு வழியாகத்தான் உள்ளே வரணும். லாட் தொடங்கிய பிறகு செய்முறையைத் திருத்தினால் பழைய பதிவு பொருந்தாது. அதனால் செய்முறையின் நகலை லாட்டோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள்.

இரண்டாவது வழி, ஜாவாஸ்கிரிப்டையே விட்டுவிட்டு எண்ணிட்ட அடிகளின் பட்டியலாக மாற்றுவது. சேமிப்பது சுலபம், ஓர் எண் போதும். ஆனால் "எனில்", மீள்சுற்று எல்லாவற்றையும் நீங்களே தாவல் எண்களாக மாற்றணும். இந்த மொழிக்கு நான் முதல் வழியையே சொல்வேன். கூடவே கிடைக்கும் பதிவேடுதான் லாட் அறிக்கையும்.

வரி எண்: சோர்ஸ் மேப் பிரௌசரின் டெவலப்பர் கருவிக்கானது. டிரம் பக்கத்தில் ஃபோனில் அதை யாரும் திறக்கப் போவதில்லை. ஒவ்வொரு யீல்டிலும் மூல வரி எண்ணை முதல் உறுப்பாக வைத்து எழுதுங்கள். ஓடும்போது எது தடுமாறினாலும் "6-ஆம் வரி" என்று நீங்களே சொல்லலாம். உங்கள் சொந்தப் பிழைதேடலுக்குப் பின்னால் சோர்ஸ் மேப் வேண்டும் என்றால் பதிப்பு 3 வடிவம். அதில் வரியும் நெடுவரிசையும் 0-இலிருந்து தொடங்கும், எண்கள் முந்தையதிலிருந்து வித்தியாசமாகவே எழுதப்படும், உருவாகும் நெடுவரிசை மட்டும் ஒவ்வொரு வரியிலும் 0-க்குத் திரும்பும். அந்தக் கடைசி விதியை மறந்தால் இரண்டாம் வரியிலிருந்து எல்லாம் நகர்ந்துவிடும்.

சோதனைக்கு, வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தைப் பழையதோடு ஒப்பிடாதீர்கள். இருபது செய்முறையை ஓட்டி, வரும் கிராம் கணக்கையும் அடி வரிசையையும் ஒப்பிடுங்கள். எழுதும் கட்டத்தைத் திருத்தும்போதெல்லாம் எழுத்து மாறும், கணக்கு மாறக் கூடாது.

---

பாலாற்று மணல்

லெக்சரும் வரியின் கடைசி டோக்கன் முறையும் வேலை செய்கின்றன. உப்பை வேண்டுமென்றே நிபந்தனைக்குள் தள்ளிப் பார்த்தேன்:

    7-ஆம் வரி: "சல்பூரிக்" சேரும் முன் "உப்பு" உறுதியாகச் சேர்ந்திருக்க வேண்டும். 5-ஆம் வரியில் உப்பு ஒரு எனில் உள்ளே மட்டும் சேர்கிறது.

இப்போது ஒரு கேள்வி. பிஎச் இறங்கும் வரை 0.2% ஆசிட் திரும்பத் திரும்பச் சேர்க்க ஒரு மீள்சுற்று கேட்கிறார்கள். "பிஎச் > 3.0 உள்ளவரை" என்று வைத்தால் போதுமா?

---

டிரம் நம்பர் 4

போதாதுங்க. மீட்டர் எலெக்ட்ரோடு கெட்டுப் போனா 3.4-லயே நிக்கும். பையன் திரை சொல்லுதுன்னு ஆசிட்டை ஊத்திக்கிட்டே இருப்பான்.

---

காட்பாடி ஜங்ஷன்

ஆமாம், எல்லை இல்லாத மீள்சுற்றை இந்த மொழியில் எழுதவே முடியாமல் செய்யுங்கள். "உள்ளவரை" என்பது வரியின் கடைசிச் சொல்லாக நின்றால் இலக்கணப் பிழை. எண்ணோடுதான் முடியணும்:

    பிஎச் > 3.0 உள்ளவரை 2 முறைக்குள்
      சல்பூரிக் 0.2% 1:10 கரைத்து சேர்
      30 நிமிடம் ஓட்டு
    மீறினால் நிறுத்து "டெக்னீஷியனைக் கூப்பிடவும்"

"மீறினால்" வரி இல்லாவிட்டாலும் கம்பைல் ஆகக் கூடாது. ஜெனரேட்டரில் இது சாதாரண எண்ணி மாறிதான். பதிவேட்டை மறுபடி ஓட்டும்போது எண்ணியும் தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும், அதைத் தனியாகச் சேமிக்க வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நிபந்தனையில் உள்ள பிஎச் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கேட்கப்படணும். முன்பு சொன்ன தற்காலிக மாறியை மீள்சுற்றுக்கு வெளியே அறிவித்து அங்கேயே மதிப்பும் வாங்கிவிட்டால், முதல் தடவை வந்த 3.2 அப்படியே நின்று, பிஎச் இறங்கிய பிறகும் இரண்டு முறையும் ஆசிட் போய்விடும்.